அத்தியாயம் 6: பயறு வயலில் பூசணம், கழியும் மகசூல்

செடியில் பூசணம் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இலைமேல் வெள்ளை பூத்திருக்கும், இல்லாவிட்டால் நேற்று நன்றாக நின்ற செடி இன்று தலை தொங்கியிருக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். "என்ன மருந்துங்க அடிக்கிறது?" என்று கேட்டதும் ஒரு பாக்கெட் கைக்கு வருகிறது. இதற்கு நடுவில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. இந்த நோய், இந்த நாளில் வந்ததால், நமக்கு எத்தனை கிலோ போகும்?

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கத்தில் பண்ணயம் பார்க்கிறவர்களில் பலருக்குத் தறியும் இருக்கிறது. காலையில் ஒரு நடை காட்டுக்குப் போய்வந்தால், அடுத்த நடை கரண்ட் நின்ற நேரத்தில்தான். வயலில் நிற்க நேரம் குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பயறு வகைகளில் கண் ஏமாற்றும். வயல் முழுக்க வெளுத்துப்போன நோய் மூட்டைக் கணக்கில் எதையும் குறைக்காமல் போவதுண்டு. யாரும் கவனிக்காத நோய் கால் பங்கைக் கொண்டுபோவதும் உண்டு. எந்த நோய், செடியின் எந்தப் பாகத்தில், விதைத்த எத்தனையாவது நாளில் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதே தெரியும். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

இங்கே பயறு என்று சொல்வது உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு மூன்றையும். கொள்ளு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பட்டாணி நம் சமவெளியில் வராது. அதற்கு 13 முதல் 18 டிகிரி வரையிலான குளிர் வேண்டும், வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும்தான் அது பயிராகிறது. ஆனால் பயறுக் குடும்பத்தின் பூசண நோய்களில் உலகம் அதிகம் ஆராய்ந்தது பட்டாணியைத்தான் என்பதால் அதன் பாடங்களைப் பின்னால் எடுத்துக்கொள்வோம்.

நான்கு எண்கள்

ஒரு சதுர மீட்டரில் எத்தனை செடி, ஒரு செடியில் எத்தனை காய், ஒரு காயில் எத்தனை மணி, 100 மணி எத்தனை கிராம். பயறின் மகசூல் இந்த நான்கின் பெருக்கல்தான். உளுந்தை 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால் சதுர மீட்டருக்கு 33 செடி வர வேண்டும். நம் காட்டில் முளைப்பு, எறும்பு, மயில் எல்லாம் போக 25 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு 12 காய், காய்க்கு 6 மணி, 100 மணி 4.5 கிராம். பெருக்கிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 81 கிராம், ஏக்கருக்குச் சுமார் 328 கிலோ. கணக்குக்காக எடுத்த எண்கள்தான் இவை. உங்கள் வயலில் எண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நோயை உள்ளே விடுங்கள். காய் பிடித்த நேரத்தில் வேரழுகல் வந்து 25-இல் 5 செடி செத்தால் ஏக்கருக்கு 262 கிலோ. பூக்கும் பருவத்தில் சாம்பல் நோய் வந்து காய் 12-லிருந்து 9 ஆனால் 246 கிலோ. அதே சாம்பல் நோய் காய் முற்றும் நேரத்தில் வந்து 100 மணியின் எடை 4.5-லிருந்து 4 கிராம் ஆனால் 291 கிலோ. அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் 328 கிலோ அப்படியே கிடைக்கும், வயல் எவ்வளவு வெளுத்திருந்தாலும் சரி.

கடைசி மூன்றும் ஒரே நோய். ஒன்றில் 82 கிலோ போகிறது, ஒன்றில் 37 கிலோ, ஒன்றில் எதுவும் போகவில்லை. மருந்துச் செலவும் ஆள்கூலியும் மூன்றுக்கும் ஒன்றுதான்.

நூறு மணியை எடை போடுவது நம் ஊரில் யாருக்கும் சிரமமில்லை. திருப்பூர்ப் பக்கம் துணியின் ஜிஎஸ்எம் பார்க்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு இல்லாத பனியன் கம்பெனி கிடையாது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் 100 மணியை எண்ணி அதில் வைத்து எடையைக் குறித்து வையுங்கள். அது குறைந்திருந்தால் கடைசி இருபது நாளில் ஏதோ நடந்திருக்கிறது. அது குறையாமல் மூட்டை மட்டும் குறைந்திருந்தால் பூவிலோ செடிக் கணக்கிலோ அடி விழுந்திருக்கிறது. நோயா, தண்ணீர்ப் பற்றாக்குறையா என்பது அடுத்த விசாரணை. எங்கே தேட வேண்டும் என்பதையாவது தராசு சொல்லிவிடும்.

வேரழுகல்: செடிக் கணக்கில் விழும் அடி

மேக்ரோபோமினா பேசியோலினா என்ற பூசணத்தின் வேலை இது. இளஞ்செடியில் வந்தால் தண்டு மண்ணைத் தொடும் இடம் கருகி, செடி சாய்ந்துவிடும். வளர்ந்த செடியில் வந்தால் இலைகள் திடீரென்று மஞ்சளாகித் தொங்கும், ஒரு வாரத்தில் செடி முழுக்கக் காயும். பிடித்து இழுத்தால் வேரின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிட, தண்டு மட்டும் லேசாகக் கையோடு வரும். அடித்தண்டின் பட்டை நார் நாராக உரியும். அந்த நாரைக் கூர்ந்து பார்த்தால் கரித்தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

அந்தப் புள்ளிகளைப் பார்க்க, துணியில் பிக் எண்ணுகிற கண்ணாடி போதும். மடக்கி வைக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியை நாரின்மேல் வைத்துக் குனிந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கிற கறுப்பு உருண்டைகள். பூசணத்தின் இழைகள் இறுகிக் கட்டிய இழைமுடிச்சுகள் அவை. செடி மட்கிய பிறகு மண்ணில் கிடந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

இங்கேதான் நம் பகுதியின் சங்கடம். பயிர் மாற்றினால் நோய் போகும் என்பது பொது விதி. ஆனால் இந்தப் பூசணம் 500-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழக்கூடியது. பருத்தி, சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, எள் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. தட்டைப்பயறுக்கு அடுத்து சோளம், சோளத்துக்கு அடுத்து கடலை என்று நாம் போடுகிற சுழற்சி, பூசணத்துக்குத் தொடர்ந்து சாப்பாடு போட்டபடியே இருக்கிறது. பயிர் மாற்றுவதை விட வேண்டும் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நம்பக்கூடியது ஈரம். இந்தப் பூசணத்துக்குப் பிடித்தது காய்ந்த, சூடான மண். 30 முதல் 35 டிகிரி வரை மண் சூடேறி, பூவிலும் காயிலும் செடி தண்ணீருக்குத் தவிக்கும்போதுதான் அது வேரை உடைத்து உள்ளே போகும். மண் நன்றாக நனைந்து கிடந்தால் கறுப்பு உருண்டைகளின் ஆயுளும் குறையும். ஆகவே பூப்பூக்கும்போது ஒரு தண்ணீர், காய் திரளும்போது ஒரு தண்ணீர் என்பது மகசூலுக்கான தண்ணீர் மட்டுமில்லை, நோய்க்கான வைத்தியமும் அதுதான். மானாவாரிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. தொழுவுரத்தை அதிகமாக்கி மண்ணின் ஈரப்பிடிப்பை உயர்த்துவதே அவர்களுக்கு வழி.

விதைப்பதற்கு முன் செய்யக்கூடியது விதை நேர்த்தி. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைக்கிறவருக்கு 32 கிராம் டிரைக்கோடெர்மா போதும். ஆனால் வாங்குகிற பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். அதில் இருப்பது உயிர். தயாரித்து நான்கு மாதத்துக்குமேல் ஆனதும், கடை வாசலில் வெயில் பட்டுக் கிடந்ததும் வெறும் டால்க் பவுடர்தான். விதையை நிழலில் கலந்து நிழலிலேயே உலர்த்த வேண்டும். இன்னொரு கையால் கார்பன்டாசிமையும் அதே விதையில் கலந்தால் முதலில் சாவது டிரைக்கோடெர்மா, ஏனென்றால் அதுவும் பூசணம்தான். இரண்டில் ஒன்றை எடுங்கள். இரசாயனம்தான் என்று முடிவு செய்தால் கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டாசிம். ரைசோபியத்தை அதற்கு 24 மணி நேரம் கழித்து அரிசிக் கஞ்சியில் கலந்து பூச வேண்டும்.

சென்ற ஆண்டு வேரழுகல் வந்த காடாக இருந்தால் அடியுரத்தோடு ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். விதைத்த 30-ஆம் நாள், 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவோ சூடோமோனாஸோ கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூவலாம். செடி காயத் தொடங்கிய திட்டுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் கார்பன்டாசிம் கரைத்து வேரடியில் ஊற்றுவது, காய்ந்த செடியைக் காப்பாற்றுவதற்கு இல்லை. அதைச் சுற்றி நிற்கும் பச்சைச் செடிகளுக்காகத்தான். காய்ந்த செடியிலேயே மருந்தை ஊற்றிவிட்டு வருவது அடிக்கடி காணக்கூடிய வீண்செலவு.

செடி சாவதிலும் நாள்கணக்கு உண்டு. பத்தாம் நாளில் போன செடியின் இடத்தைப் பக்கத்துச் செடிகள் கிளை விட்டு ஓரளவு நிரப்பிவிடும், மகசூலில் இழப்பு குறைவாகவே தெரியும். நாற்பதாம் நாளில் போன செடியின் இடம் வெறும் இடம்தான்.

சாம்பல் நோய்: பனிக்காலத்துக் கணக்கு

உளுந்திலும் பாசிப்பயறிலும் எரிசிபே பாலிகோனி என்றும் பட்டாணியில் எரிசிபே பைசி என்றும் அழைக்கப்படுகிற பூசணம் இது. வேலை ஒன்றுதான். இலையின் மேல்தோலில் படர்ந்து, தோல் செல்லுக்குள் ஒரு சின்ன உறிஞ்சியை நுழைத்து, சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். செல்லை உடனே கொல்லாது. உயிருள்ள செடியில்தான் அதற்குப் பிழைப்பு. அதனால்தான் இலை நீண்ட நாள் பச்சையாக இருந்தபடியே வெளுத்துக் கிடக்கிறது. உள்ளே ஒளிச்சேர்க்கை குறைந்து, சுவாசம் அதிகமாகி, சேர்த்த சர்க்கரையை இலை தானே எரித்துக்கொண்டிருக்கும்.

எந்த இலையில் வந்தது என்பது இங்கே முக்கியம். பயறுச் செடியில் ஒரு கணுவில் இருக்கிற காய்க்குப் பெரும்பாலும் அதே கணுவின் இலைதான் உணவு தருகிறது. அடி இலைகள் வேருக்கும் வேர்முடிச்சுக்கும் அனுப்புகின்றன. நோய் அடி இலையில் தொடங்கும். அந்தக் கட்டத்தில் பாதிக்கப்படுவது வேர்முடிச்சுகள் தழைச்சத்து பிடிப்பதும் செடியின் வளர்ச்சியும். ஓரிரு வாரத்தில் மேலேறிக் காய்க்கணுவின் இலையை மூடும்போது மணி சிறுக்கத் தொடங்கும். மேலே ஏறுவதற்குமுன் நிறுத்த முடியுமா என்பதே கேள்வி.

பெரும்பாலான இலைப்பூசணங்களுக்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். இதற்கு வேண்டாம். வித்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. பலத்த மழை வித்தைக் கழுவிவிட்டுப் போகும். மழை இல்லாத வறண்ட பகல், 20 டிகிரியை ஒட்டிய இரவு, விடியலில் பனி இருந்தால் அதற்குச் சொர்க்கம். நம் ஊரில் மார்கழி, தை, மாசி மாதங்கள் அப்படித்தான். ஒரு வித்து விழுந்து ஐந்து முதல் ஏழு நாளில் அடுத்த தலைமுறை வித்தை உதிர்க்கிறது. மருந்துக்குப் பத்து நாள் இடைவெளி சொல்வதன் காரணமும் அதுதான்.

இதிலிருந்து விதைப்பு நாள் தானாக வந்துவிடுகிறது. புரட்டாசி முதல் மழையில் விதைத்த 65-70 நாள் உளுந்து, மார்கழிப் பனி இறங்குவதற்குள் காய் முற்றி நிற்கும். சாம்பல் வந்தாலும் கடைசி வாரத்தில்தான் வரும், விட்டுவிடலாம். மழைக்குக் காத்திருந்து ஐப்பசிக் கடைசியில் விதைத்தவர் மார்கழியில் பூவும் பிஞ்சுமாகப் பனியில் மாட்டுவார். தைப்பட்டத்துக்காரருக்கு இளஞ்செடியிலேயே வரும். பங்குனி வெயில் ஏறும்போது நோய் தணியும், ஆனால் அதற்குள் பூ முடிந்திருக்கும். பட்டம் தவறி விதைத்த வயலில் மருந்து அடிப்பதைவிட, 55-60 நாளில் ஒரே சமயத்தில் முற்றுகிற கோ 8 போன்ற பாசிப்பயறுக்கு மாறுவது மலிவு. வம்பன் 8, வம்பன் 11 உளுந்துகள் மஞ்சள் தேமலைத் தாங்குவதற்காகப் பெயர் பெற்றவை. அதை வைத்துச் சாம்பல் நோயும் வராது என்று எண்ண வேண்டாம்.

தறிக்கொட்டகை ஓரக் காடுகளில் ஒரு குழப்பம் உண்டு. பஞ்சுத் தூசியும் ரோட்டுப் புழுதியும் இலைமேல் படிந்து தூரத்தில் சாம்பல் நோய்போலவே தெரியும். விரலால் துடைத்துப் பாருங்கள். தூசி என்றால் கீழே இலை பளிச்சென்று பச்சையாக இருக்கும். பூசணம் என்றால் துடைத்த இடம் லேசாக மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும், மூன்று நாளில் மறுபடி வெளுக்கும். பிக் கண்ணாடியில் பஞ்சு நீண்ட இழையாகத் தெரியும். பூசணம் வட்டத் திட்டாக, மையத்திலிருந்து வெளியே படர்ந்து, மேலே ரவை தூவினாற்போல் தெரியும். முற்றிய திட்டில் கறுப்பு மணிகளும் இருக்கும். கண்ணாடியின் ஒரு இஞ்சுச் சட்டத்தை இலைமேல் வைத்து அதில் பாதிக்குமேல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். வயலில் ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடி பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும். ஓரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மரநிழல் விழும் மூலையில்தான் முதலில் வரும்.

மருந்து என்றால் முதல் தேர்வு நனையும் கந்தகம். 1840-களில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் திராட்சைக் கொடியில் சாம்பல் நோய் பரவியபோது கைகொடுத்தது கந்தகம்தான். அன்றுமுதல் இன்றுவரை இந்தப் பூசணம் அதற்குப் பழகிவிடவில்லை. புதுப்புது மருந்துகளுக்கு நான்கைந்து வருஷத்தில் பழகிக்கொள்கிற பூசணம் இது என்பதை நினைத்தால் கந்தகத்தின் மதிப்பு புரியும். ஏக்கருக்கு 600 கிராம், 200 லிட்டர் தண்ணீரில், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 30 கிராம். அடி இலையின் மேல்புறமும் கீழ்ப்புறமும் நனைய வேண்டும். மேலாக விசிறிவிட்டு வந்தால் நோய் தொடங்குகிற இடம் நனையாமலே இருக்கும்.

கந்தகத்தில் இரண்டு எச்சரிக்கை. வெயில் 32 டிகிரியைத் தாண்டுகிற நடுப்பகலில் அடித்தால் இலை கருகும். மாசி, பங்குனியில் மாலை நாலரை மணிக்குமேல் அடியுங்கள். அடுத்தது, வேப்பெண்ணெய் அடித்த வயலில் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் கூடாது. கந்தகம் அடித்த வயலில் எண்ணெயும் அப்படியே. இரண்டும் நல்ல மருந்துதான், சேர்ந்தால் இலையைச் சுட்டுவிடும். "ரெண்டையும் கலந்து அடிச்சாத்தானுங்க பவரு" என்று சொல்கிறவரின் பேச்சைக் கேட்டுச் செடி கருகிய பிறகு அதற்கும் ஒரு நோயின் பெயர் வைக்கத் தேவையில்லை.

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் இதற்கு மாற்று. ஆனி, ஆடியில் விழுகிற கொட்டையை உலர்த்திப் பருப்பெடுத்து வையுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து, 20 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, 200 லிட்டராக்கி, காதி சோப்பு கரைத்து அடிக்க வேண்டும். வடிகட்ட, தறியில் கழிவாக விழுந்த காடாத் துணியை இரண்டாக மடித்தால் நாசில் அடைக்காது. நோயின் முதல் திட்டு தெரிந்த அன்றே தொடங்கிப் பத்து நாள் இடைவெளியில் இருமுறை. திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு இதை நம்பிப் பயனில்லை, கந்தகத்துக்கோ கார்பன்டாசிமுக்கோ போக வேண்டியதுதான். கார்பன்டாசிம் ஏக்கருக்கு 100 கிராம். தொடர்ந்து அதையே அடித்தால் பூசணம் பழகிவிடும் என்பதால் ஒரு பயிருக்கு ஒரு முறைக்குமேல் வேண்டாம்.

நாள் எல்லை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 65 நாள் பயிரில் 50-ஆம் நாளுக்குப் பிறகு, காய் பாதிக்குமேல் நிறம் மாறிய வயலில், சாம்பல் நோய்க்கு எதுவும் அடிக்காதீர்கள். மகசூல் திரும்பி வராது. அறுவடைக்குமுன் விட வேண்டிய இடைவெளியும் கிடைக்காது, மருந்து உங்கள் வீட்டுப் பருப்பிலேயே வந்து சேரும்.

பூக்கும்போதும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் அடிக்கிற 2 சத டிஏபி கரைசல் பூவைத் தாங்கிப் பிடிக்கும், மணியைத் திரட்டும். நோய் மருந்து இல்லை. நோய் வந்த வயலில் அதை அடித்துவிட்டு "மருந்து அடிச்சாச்சு" என்று கணக்கில் எழுத வேண்டாம்.

இலைப்புள்ளி, துரு

இவை மழைக்காலத்துச் சரக்கு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை விட்டு வெயில் அடிக்கும்போது, நடுவில் சாம்பலும் ஓரத்தில் செம்பழுப்பு வளையமுமாக வட்டப் புள்ளிகள் வந்தால் அது செர்கோஸ்போரா. இலை உதிர்ந்துவிடும் என்பதே அதன் கேடு. கந்தகம் இதற்குப் போதாது. ஏக்கருக்கு 400 கிராம் மேன்கோசெப். செடியை நெருக்கி விதைத்த வயலிலும் களை மண்டிய வயலிலும் காற்றோட்டமில்லாமல் இது இரட்டிப்பாகும். துரு நோய் தட்டைப்பயறில் அதிகம். விரலால் தேய்த்தால் செந்தூள் ஒட்டும், அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. அதற்கும் மேன்கோசெப் அல்லது கந்தகம்.

இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து நின்றால் அது பூசணமே இல்லை. மஞ்சள் தேமல் வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்தது. எந்தப் பூசணக்கொல்லியாலும் ஒரு செடியும் தேறாது. இந்த ஒரு குழப்பத்தில் நம் பகுதியில் போகிற பணம் கொஞ்சமில்லை.

பட்டாணி சொல்கிற பாடம்

ஊட்டியிலும் கோத்தகிரியிலும் பட்டாணிக்கு வருகிற சாம்பல் நோயின் கேடு இன்னொரு இடத்தில் விழுகிறது. அங்கே விற்பது பச்சைக் காய், தோலோடு. காயின் தோல் சாம்பல் பூத்தால் உள்ளே மணி நன்றாக இருந்தாலும் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்கும். ஆகவே கிலோவைவிட விலையில்தான் அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். காய்ந்த மணியை விற்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை. தட்டைப்பயறைப் பச்சைக் காயாகத் திருப்பூர் உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு உண்டு. அவர்கள் நான் சொன்ன 50 நாள் எல்லையைப் பின்பற்ற முடியாது. அதே சமயம், இரண்டு நாளுக்கு ஒரு முறை காய் பறிக்கிற செடியில் இரசாயன மருந்தும் அடிக்க முடியாது. வேப்பங்கொட்டைச் சாறு ஒன்றுதான் வழி.

பட்டாணியில் மருந்தைவிடப் பெரிய வெற்றி கிடைத்தது இரகத்தில். பெரு நாட்டுப் பட்டாணி ஒன்றுக்குச் சாம்பல் நோய் ஒட்டவே இல்லை என்றும், அது தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகிறது என்றும் ஹார்லண்ட் என்ற ஆய்வாளர் 1948-இல் எழுதினார். அந்த மரபணுவுக்கு ஈஆர்1 என்று பெயர். அது ஏன் வேலை செய்கிறது என்பது 2011-இல்தான் தெளிவானது. பூசணம் உள்ளே நுழையச் செடியிலேயே இருக்கிற ஒரு மரபணுவின் உதவி தேவை. அந்தப் பட்டாணியில் அது பழுதாகி இருக்கிறது. உள்ளே விட ஆள் இல்லை, அவ்வளவுதான். பெங்களூரில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சாம்பலையும் துருவையும் தாங்குகிற அர்கா அஜித் என்ற பட்டாணி இரகத்தைத் தந்திருக்கிறது. உளுந்திலும் பாசிப்பயறிலும் அந்த அளவுக்குத் திடமான எதிர்ப்பு இன்னும் நம் கைக்கு வரவில்லை. அதனால்தான் இந்த அத்தியாயம் விதைப்பு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

கனடாவிலிருந்து இன்னொரு பாடம். அங்கிருந்து வரும் மஞ்சள் பட்டாணி நம் ஊர்ச் சுண்டல் வண்டி வரை வருகிறது. சஸ்காட்செவன் மாநிலத்தில் 2012-இல் அஃபனோமைசஸ் என்ற வேரழுகல் உறுதியானது. அது உண்மையான பூசணம் இல்லை, பாசிக்கு உறவான ஓர் உயிர். மருந்துகளுக்கு அது மசிவதில்லை. ஆறு முதல் எட்டு வருஷத்துக்கு அதே நிலத்தில் பட்டாணி விதைக்காமல் விடச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு அது முடியும். மூன்று ஏக்கர்க்காரருக்கு முடியாது. ஆகவே நோய் மண்ணில் ஏறாமல் பார்ப்பது நமக்கு அவர்களைவிட அவசியம். வேரழுகல் கண்ட செடியைப் பிடுங்கி வரப்பில் போடாமல், மாட்டுக்கும் போடாமல், எரித்துவிடுங்கள். மாடு தின்ற தட்டு தொழுவுரமாகித் திரும்பிக் காட்டுக்கே வரும்.

சந்தேகம் வந்தால், அறுவடை வந்தால்

எது என்று தெரியாத நோய்க்குப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ, பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ செடியைக் கொண்டுபோகலாம். ஒரு இலையை மட்டும் பறித்து பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு போனால் அது அங்கே போய்ச் சேரும்போது அழுகியிருக்கும். நோய் தொடங்குகிற செடி ஒன்று, நடுத்தரமாக இருப்பது ஒன்று, நல்ல செடி ஒன்று, மூன்றையும் வேரோடு, கொஞ்சம் மண்ணோடு, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். விதைத்த தேதி, கடைசியாகத் தண்ணீர் விட்ட தேதி, ஏற்கெனவே அடித்த மருந்து மூன்றையும் அதே தாளில் எழுதுங்கள். அடித்த மருந்தை மறைத்தால் தவறான பதில்தான் கிடைக்கும்.

அறுவடையில் காய் நனைந்தால் மணியிலேயே பூசணம் ஏறும். மழை மூட்டத்தில் களத்தில் குவித்து மூடாதீர்கள், தறிக்கொட்டகையின் ஓரத்தில் மெல்லியதாகப் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள். ஈரம் 10 சதத்துக்கு இறங்கியபின் மூட்டை கட்டுங்கள். பல்லில் கடித்தால் நசுங்காமல் இரண்டாக உடைய வேண்டும்.

அடுத்த பட்டத்துக்கான விதையை மூட்டையிலிருந்து அள்ளாதீர்கள். செடி பச்சையாக நிற்கும்போதே, வேரழுகல் வராத, சாம்பல் கடைசியில் எட்டிப்பார்த்த ஒரு திட்டைப் பார்த்துக் குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். அந்தத் திட்டைத் தனியாகப் பறித்து, தனியாக உலர்த்தி, 100 மணியை எடை போட்டு, எடையையும் விதைத்த தேதியையும் சீட்டில் எழுதி விதைப் பானைக்குள் போட்டு வையுங்கள்.